மரம் வெடிக்கும் காலமும் மூடும் காலமும்

கண்டியின் பழைய ஓட்டு வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஒரு சத்தம் நன்கு பழக்கமானது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இஷாத் தொழுகைக்குப் பின் வீடு அடங்கியதும், அலுமாரிப் பக்கமிருந்தோ கூரை மரத்திலிருந்தோ "டக்" என்று ஒன்று கேட்கும். சிறுவயதில் அது ஜின் என்று சொல்லி எங்களை உறங்க வைத்தார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பின்னர்தான், அது மரம் தன்னிடமுள்ள நீரை இழந்து சுருங்கும்போது எழும் சத்தம் என்று விளங்கிக்கொண்டேன். அந்தச் சத்தம் கேட்ட சில நாட்களில் மேசையிலோ கதவுப் பலகையிலோ ஒரு மெல்லிய கோடு தெரியும். அதைக் கண்டதும் நாம் செய்வது ஒன்றுதான்: கடைக்குப் போய்ப் புட்டி வாங்கி வந்து அடைத்துவிடுவோம். இக்கட்டுரை அந்த அவசரத்தைப் பற்றியது.

மரம் வெட்டப்பட்டுப் பல்லாண்டுகள் ஆன பின்னும் நீருடன் அதற்குள்ள தொடர்பு அறுந்துபோவதில்லை. நாம் பலகை என்று சொல்வது, பாடப் புத்தகத்தின்படி, ஒரு காலத்தில் வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டு சென்ற காழ் இழையமாகும். அதன் கலங்கள் இறந்துவிட்டன, கலச்சுவர்கள் எஞ்சியிருக்கின்றன. கலச்சுவரில் உள்ள செலுலோசு நீரை விரும்பும் பொருள். பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று கலத்தின் உள்வெளியில், இன்னொன்று சுவருக்குள்ளேயே. உள்வெளி நீர் போகும்போது மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் ஈரப்பதன் ஏறத்தாழ 28 முதல் 30 வீதம் வரை குறைந்த பின்னர்தான் சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் ஆரம்பிப்பது அங்கிருந்துதான். அதன் பிறகு மரம் ஒருபோதும் ஓய்வதில்லை. காற்று உலர்ந்தால் சுருங்கும், காற்று ஈரமானால் விரியும். நூறு வருடப் பலகைக்கும் இதே கதைதான்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்கினால் மரம் வெடிக்கவே வெடிக்காது. சற்றுச் சிறிய மரமாக மாறிவிடும், அவ்வளவுதான். ஆனால் மரம் மூன்று திசைகளில் மூன்று விதமாகச் சுருங்குகிறது. நார் ஓடும் நீளத்திசையில் சுருக்கம் மிகச் சொற்பம். பெரும்பாலான மரங்களில் 0.1 அல்லது 0.2 வீதம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரைத்திசையில் அதைவிடப் பலமடங்கு கூட. வளையங்களைச் சுற்றி ஓடும் திசையில் இன்னும் கூட. பொதுவாக ஆரைத்திசையைப் போல இரண்டு மடங்கு. தேக்கு பச்சையிலிருந்து முற்றாக உலரும்போது ஆரைத்திசையில் 2.5 வீதமும் வளையத்திசையில் 5.8 வீதமும் சுருங்குகிறது. மஹோகனிக்கு இவை முறையே 3.0, 4.1. இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் குறைவாக இருப்பதால்தான் மஹோகனி "சொன்னபடி கேட்கும் மரம்" என்று தச்சர்களிடம் பெயர் வாங்கியிருக்கிறது.

கணிதத்தில் விருப்பமுள்ள தோழிகள் இதை ஒரு வட்டமாக எண்ணிப் பார்க்கலாம். ஒரு தேக்குக் கட்டையின் ஆரை 2.5 வீதம் குறைகிறது. அதன் சுற்றளவு 5.8 வீதம் குறைய முயல்கிறது. ஆனால் சுற்றளவு என்பது ஆரையை 2π ஆல் பெருக்கி வருவது. அது தன் இஷ்டத்துக்குக் குறைய முடியாது. ஆகவே வட்டம் ஓரிடத்தில் திறந்தே ஆகவேண்டும். கணக்கிட்டால், முற்றாக உலர்ந்த கட்டையில் அந்தத் திறப்பு ஏறத்தாழ 12 பாகை வருகிறது. வீட்டில் இருக்கும் மரம் முற்றாக உலர்வதில்லை என்பதால் அதில் பாதி என்று கொள்வோம். நடுவிலிருந்து வெளியே விரியும் ஒரு சின்ன கேக் துண்டின் வடிவம் அது. நடுப்புள்ளியை உள்ளே வைத்து அறுத்த தூண் எதுவானாலும் இந்த வெடிப்பு அதன் பிறப்புரிமை. தச்சரின் பிழையும் அல்ல, மரத்தின் நோயும் அல்ல.

இதை நேரில் பார்க்க விரும்புவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்ற வருடம் எமது வகுப்பு மாணவிகள் வரலாற்றுச் சுற்றுலாவாகத் தவுலகலப் பக்கமுள்ள எம்பெக்கே தேவாலயத்துக்குச் சென்றிருந்தோம். கண்டியிலிருந்து பேராதனை, பிலிமத்தலாவை வழியாகப் போகலாம். கெலிஓயாத் தோழிகளுக்கு அது பக்கத்து ஊர். கம்பளை இராச்சியத்தை ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் 14 ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். அங்குள்ள மேள மண்டபத்தின் மரத்தூண்கள்தான் உலகப் புகழ் பெற்றவை. கம்பளையில் கைவிடப்பட்ட அரச மண்டபம் ஒன்றிலிருந்து அவை கொண்டுவரப்பட்டன என்பது மரபுக் கதை. செதுக்கியவர் பெயராகத் தெல்மட தேவேந்திர மூலாச்சாரி என்பவரைச் சொல்கிறார்கள். மூல ஆசாரி, அதாவது தலைமைத் தச்சர். சிங்களத்தில் வழங்கும் அச்சொல் நமக்கும் அந்நியமாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு தூணிலும் சதுரக் கட்டங்கள். மற்போர் வீரர்கள், இரட்டைத் தலைக் கழுகு, கழுத்துகள் பின்னிய அன்னங்கள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், கொடியிலிருந்து எழும் பெண். ஆணியின்றி மரத்தை மரத்தோடு பூட்டிய வேலை இது. கூரையின் முன்பக்கத்தில் 26 கைமரங்கள் ஒரே மர முளையில் வந்து சேர்கின்றன. "மதொல் குருபாவ" என்று அதற்குப் பெயர். எல்லோரும் அண்ணாந்து அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, நான் தூண்களின் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை, "எல்லாரும் சிற்பத்தைப் பார்க்குறாங்க, நீங்க மட்டும் என்ன ஓட்டையைப் பார்க்குறீங்க?" என்று கேட்டார். மேலிருந்து கீழாக, நாரின் வழியே, சில இடங்களில் கட்டத்தின் விளிம்பைக் கடந்து வெடிப்புகள் ஓடியிருந்தன. நூற்றாண்டுகளாக அவை அப்படியே இருக்கின்றன, கூரையும் நிற்கிறது.

ஏன் விழவில்லை? தூணுக்குப் பாரம் மேலிருந்து கீழே வருகிறது. வெடிப்பும் மேலிருந்து கீழேதான் ஓடுகிறது. நார்கள் அறுபடவில்லை, பக்கம் பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு கட்டு விளக்குமாற்று ஈர்க்கில் நிமிர்ந்து நிற்பதைப் போல. இதே வெடிப்பு ஒரு குறுக்கு உத்தரத்தின் முனையில், சுவரில் அது தங்கியிருக்கும் இடத்தில், படுக்கையாக ஓடினால் விடயம் வேறு. அங்கே மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். உத்தரம் தன் பலத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும். நாரைக் குறுக்காக வெட்டிச் செல்லும் வெடிப்பு எங்கே கண்டாலும், அது கட்டில் காலாக இருந்தாலும் ஏணிப் படியாக இருந்தாலும், பாவிப்பதை நிறுத்திவிட வேண்டும். அது காய்ந்ததால் வந்த வெடிப்பு அல்ல, முறிவு.

வெடிப்பின் வயதையும் பார்த்தறியலாம். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால், புதிய வெடிப்பின் சுவர்கள் மரத்தின் இளநிறத்தில் பளிச்சென்று இருக்கும். பழையதன் உட்சுவர் கறுத்துத் தூசி படிந்திருக்கும். கீழே மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் வண்டு. மண் குழாய் தெரிந்தால் கறையான். இவை இரண்டும் இருக்கும்போது வெடிப்பை அடைப்பது, கள்வனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதற்குச் சமம்.

இனி எங்கள் வீட்டுப் பெட்டகத்துக்கு வருகிறேன். என் உம்மும்மாவின் உம்மாவுக்குச் சீதனமாக வந்த பிலாமரப் பெட்டகம் அது. காணி உறுதிகளும் நிக்காஹ் பத்திரங்களும் அதற்குள்தான் இன்றும் இருக்கின்றன. அதன் மூடி ஒரே அகலப் பலகை. அடியில் குறுக்காக இரண்டு சட்டங்கள். 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூடியின் நடுவே ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு ஒன்று தெரிந்தது. ஒருவர் வந்து புட்டியை இறுக்கி அடைத்து, மேலே சாண்ட் பேப்பர் போட்டு, கறுப்புப் பொலிஷ் பூசிக் கொடுத்தார். அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழை வந்தது, போனது. அடுத்த பெப்ரவரியில் புட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு, முதலாவதை விட நீளமாக ஓடியது. புட்டியும் ஓரம் விட்டுக் கிளம்பியிருந்தது.

அதே 2022 இல்தான் நாடு நெருக்கடிக்குள் வீழ்ந்தது. வாப்பாவின் கடை மாதக்கணக்கில் சரியாக நடக்கவில்லை. பழைய தளபாடம் வாங்கும் ஒருவர் ஊருக்குள் வந்தபோது, பெட்டகத்தைக் கொடுத்துவிடுவோமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. அவர் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்ன விலை, வாப்பா எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. வெடிப்பு இருப்பதால்தானே என்று உம்மா கேட்டார். "வெடிப்புக்கு இல்ல உம்மா. வெடிப்போட இருந்திருந்தா நான் கூடத் தந்திருப்பேன். இந்தப் புட்டிய எடுக்க எனக்குச் செலவு" என்றார் அவர். உம்மும்மா உள்ளேயிருந்து, "அப்ப அது இங்கேயே இருக்கட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பணப் பிரச்சினை அதனால் தீரவில்லை. அதை வேறு வழிகளில் சமாளித்தார்கள். எனக்கோ அந்தப் புட்டியின் மீது ஒரு கேள்வி பிறந்தது. நல்ல எண்ணத்தில் செய்த பழுதுபார்ப்பு எப்படி மரத்துக்குத் தீங்காயிற்று?

விடை அந்த "மார்ச்" என்ற சொல்லில் இருக்கிறது. கண்டியில் வருடத்துக்குச் சராசரியாக 1,800 மில்லிமீற்றருக்குக் கிட்டிய மழை பெய்கிறது. அதில் ஜனவரி முதல் மார்ச் வரையான பங்கு சிறிது. ஒக்டோபர், நவம்பரில் வானம் திறந்துகொள்ளும். இந்த இரண்டு காலங்களுக்கும் இடையில் ஒரு பலகையின் ஈரப்பதன் 4 வீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளையத்திசையில் அறுத்த 60 சென்ரிமீற்றர் அகலத் தேக்குப் பலகையை எடுத்தால், 5.8 ஐ 30 ஆல் வகுத்து 4 ஆல் பெருக்க 0.77 வீதம் வரும். 600 மில்லிமீற்றரில் அது நான்கரை மில்லிமீற்றருக்கும் மேல். அதாவது நம் கண்முன்னே அசையாமல் கிடக்கும் பலகை, வருடத்துக்கு ஒருமுறை ஒரு பென்சிலின் பாதித் தடிப்புக்கும் மேலாக ஒடுங்கி, மீண்டும் விரிகிறது. இரு ஓரங்களையும் சட்டத்தோடு ஆணியடித்துப் பிடித்துவிட்டால் அது ஒடுங்க இடமில்லை. ஆகவே நடுவில் திறக்கிறது.

இப்போது வெடிப்பு மிக அகலமாக இருக்கும் மார்ச் மாதத்தில் அதற்குள் கடினமான ஒன்றை இறுக்கி அடைத்தால் என்ன நடக்கும்? மழைக்காலத்தில் மரம் விரிந்து வெடிப்பை மூட முயலும். உள்ளே புட்டி. கதவு இடுக்கில் கல் இருக்கும்போது கதவைத் தள்ளி மூடுவது போலத்தான். மரம் விடாது தள்ளும். புட்டியின் இரு பக்கமும் உள்ள கலங்கள் நசுங்கும். நசுங்கிய கலம் பழைய அளவுக்குத் திரும்பாது. அடுத்த வரட்சியில் பலகை முன்பை விடவும் குறுகியதாகச் சுருங்கி, புதிய இடத்தில் கிழியும். எங்கள் மூடியில் நடந்தது இதுவே. வெடிப்பு மிகத் தெளிவாகத் தெரியும் மாதமே அதை அடைக்கக் கூடாத மாதம். இதைத் தச்சு பாஸ்மாரில் மூத்தவர்கள் அறிவார்கள். ஆனால் வாடிக்கையாளர் மார்ச்சில்தான் கூப்பிடுகிறார், நவம்பரில் யாரும் கூப்பிடுவதில்லை.

2022 நவம்பரில் ஊரிலுள்ள வயதான பாஸ் ஒருவரை வாப்பா அழைத்து வந்தார். அவர் வந்த முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். பிறகு சட்டங்களைக் காட்டி, "மகள், வெடிப்பு மேலதான் தெரியும். வருத்தம் கீழ இருக்கு" என்றார். ஆணிகளைப் பிடுங்கினார். சட்டத்தின் நடுத்துளையை அப்படியே விட்டு, ஓரத்துத் துளைகளைப் பலகை அசையும் திசையில் நீட்டி, நீள்துளைகளாக்கித் திருகாணி போட்டார். இனி மூடி நடுவில் நிலைத்து நிற்கும், ஓரங்களில் வழுக்கிப் போய்வரும். பாதி வைத்தியம் இத்தோடு முடிந்தது என்பேன். நம்மில் பலர் இந்தப் பாதியைச் செய்வதேயில்லை.

பிறகு உடைந்த வாள் அலகு ஒன்றால் புட்டியைச் சுரண்டி எடுத்தார். அதற்கே ஒரு பகல் போயிற்று. பழைய கதவு நிலை ஒன்றிலிருந்து பிலாமரத் துண்டு கொண்டு வந்து, அதே திசையில் நார் ஓடும்படி, அடிப்பக்கம் மெல்லியதாக ஒரு ஈர்க்குச் சட்டம் சீவினார். அதன் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெள்ளைக் கம் பூசினார். மறுபக்கத்துக்கு மெழுகுதிரியைத் தேய்த்தார். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டேன். இரு பக்கமும் ஒட்டினால் அது மீண்டும் கல்லாகிவிடும், ஒரு பக்கம் ஒட்டினால் அது மரத்தோடு போய்வரும் என்றார். சுத்தியலால் அடிக்கவில்லை, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கினார். மறுநாள் மேலே நீட்டி நின்றதைச் சீவுளியால் சமப்படுத்தினார். நிறம் பூச வேண்டாம் என்று தடுத்துவிட்டார். பிலா புதிதாக வெட்டியதும் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுத் தானே பொன்பழுப்பாக மாறும். இன்றே பழைய நிறத்துக்குச் சாயம் பூசினால், இரண்டு வருடத்தில் அதுமட்டும் கறுத்துத் தனியாகத் தெரியும்.

எல்லா வெடிப்புக்கும் இவ்வளவு வேலை தேவையில்லை. தலைமுடி அளவு வெடிப்புக்குத் தேன்மெழுகே போதும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 பாகை செல்சியசில் உருகும். ஆகவே நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு டின் ஒன்றை வைத்து உருக்கலாம். சிறிதளவு குங்கிலியம் சேர்த்தால் கோடைச் சூட்டில் கையில் ஒட்டாது. மெழுகு மிருதுவானது, மரம் நெருக்கும்போது மேலே பிதுங்கி வரும், துணியால் துடைத்துவிட்டால் சரி. வேண்டாமென்றால் முழுவதையும் எடுத்தும் விடலாம்.

மரத்தூளையும் கம்மையும் குழைத்து அடைப்பது நம் வீடுகளில் பரவலான முறை. ஆணித் துளைக்கும் சிறு பொத்தலுக்கும் அது நல்லது. நீண்ட வெடிப்புக்கு உதவாது. தூளில் நார் இல்லை, ஆகவே பலமும் இல்லை. பொலிஷையும் அது சமமாக உறிஞ்சாமல் கறுப்புப் பட்டையாகத் தெரியும். எபொக்சி வலிமையானது என்று எல்லாவற்றுக்கும் அதையே சிபாரிசு செய்வோர் உண்டு. உக்கிப்போன குழியை நிரப்ப அது உதவலாம். அசையும் வெடிப்புக்கு அது புட்டியை விட மோசம், ஏனெனில் புட்டியையாவது சுரண்டி எடுக்கலாம். தேங்காய் எண்ணெய் பூசுவதும் வேண்டாம். அது காயாது, தூசியைப் பிடித்து வைத்துச் சிக்கு நாற்றம் தரும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் காய்ந்து படலமாகும். ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றக் கூடும். விரித்துக் காயப்போட்ட பின்பே எறிய வேண்டும்.

வெடிப்பு இன்னும் நீளக் கூடும் என்ற அச்சமிருந்தால் பட்டாம்பூச்சி ஆப்பு வைப்பார்கள். நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிந்த மரத்துண்டு. அதன் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓடும். அது வெடிப்பை மூடுவதில்லை, மேலும் விரியாமல் பிடித்துக்கொள்கிறது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கத் தச்சுக் கலைஞர் ஜோர்ஜ் நகஷிமா (1905–1990) வெடித்த பலகைகளைத் தேடி எடுத்து, வெடிப்பை அப்படியே காட்டி, அதன்மேல் இத்தகைய ஆப்புகளை வைத்து மேசைகள் செய்தார். அவர் மேசைகளில் கண் முதலில் போவது அந்த ஆப்புகளுக்குத்தான்.

அடைப்பதற்கும் பிடித்துக்கொள்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை யோசித்தபோது எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஸஹீஹுல் புஹாரியில் வருவது. நபி (ஸல்) அவர்களின் குடிகிண்ணம் ஒன்று மரத்தாலானது. நல்ல மரத்தில் செய்த அகன்ற கிண்ணம். அது வெடித்தபோது, வெடித்த இடம் வெள்ளிக் கம்பியால் இணைக்கப்பட்டது. பிற்காலத்தில் அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்களிடம் அக்கிண்ணத்தைப் பார்த்தவர்கள் அதனை அறிவித்திருக்கிறார்கள். அதைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்றும் இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தங்கம் அல்லது வெள்ளி வளையம் போட அனஸ் (ரழி) விரும்பியபோது, நபியவர்கள் செய்த எதையும் மாற்ற வேண்டாம் என்று அபூதல்ஹா (ரழி) சொல்ல, அவர் விட்டுவிட்டார். மார்க்கச் சட்ட நூல்கள் இதை வைத்து ஒரு மஸ்அலாவையே பேசுகின்றன. வெள்ளிப் பாத்திரத்தைப் பாவிப்பது தடை; ஆனால் தேவைக்காகச் சிறிதளவு வெள்ளியால் ஒட்டுப்போட்ட பாத்திரத்தைப் பாவிக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு.

நான் இங்கே சட்டம் பேச வரவில்லை. கைவினையாகவே பாருங்கள். தண்ணீர் ஊற்றினால் மரம் விரியும், காலியானால் சுருங்கும். ஒரு நாளைக்குப் பலமுறை அசையும் வெடிப்பு அது. அதற்குள் எதையும் திணிக்காமல், தையல் போட்டது போலக் கம்பியால் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். நனையும்போது மரமே இடைவெளியை மூடிக்கொள்ளும். வெடித்த கிண்ணத்தை எறிந்துவிட்டுப் புதிது எடுக்கவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது.

எங்கள் வீடுகளில் எல்லாம் இருக்கும் ரெஹாலும் இந்தப் பாடத்துக்கு நல்ல உதாரணம். நல்ல ரெஹால் ஒன்றை ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதில்லை. ஒரே பலகையை அதன் தடிப்பின் நடுவே பிளந்து, நடுவில் கோர்வைப் பற்களை மட்டும் விட்டு விரித்து எடுக்கிறார்கள். அதாவது அது வேண்டுமென்றே பிளந்த மரம். அதன் பற்களில் ஒன்று வெடித்தால் புட்டியால் ஆகாது. குர்ஆனின் பாரம் முழுவதும் அந்தப் பற்களில்தான் தங்குகிறது. கம்மை உள்ளே செலுத்தி, நூலால் இறுகச் சுற்றி, ஒரு முழு நாள் விட வேண்டும். பழகுவதற்கு ரெஹாலை விடச் சிறந்த பொருள் இல்லை. பெண் பிள்ளைக்கு உளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, ஊசி பிடிக்கும் கைக்கு இந்த வேலை புதிதல்ல என்று பதில் சொல்லலாம். இரண்டுக்கும் வேண்டியது பொறுமையும் நேரான கண்ணும்தான்.

வீட்டுத் தளபாடத்தில் வெடிப்பைக் கண்டால் முதலில் செய்ய வேண்டியது, வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் திகதி எழுதுவது. நடுவில் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மீண்டும் அளவுங்கள். அகலம் மாறவில்லை, நீளமும் கூடவில்லை என்றால் அது ஓய்ந்த வெடிப்பு. எப்படி அடைத்தாலும் பாதகமில்லை. மாறியிருந்தால், எது அதைப் பிடித்திழுக்கிறது என்று தேடுங்கள்: ஆணியா, சட்டமா, பின்னேர வெயில் விழும் ஜன்னலா, ஈரச் சுவரோடு ஒட்டிய முதுகா. எங்கள் பெட்டகத்தின் மெழுகு தேய்த்த பக்கத்தில் பெப்ரவரியில் ஒரு மயிரிழை தெரியும். நவம்பரில் அதைத் தேடினாலும் காணக் கிடைக்காது. பாஸ் முன்கூட்டியே சொன்னதும் அதைத்தான்.

பழமை வாய்ந்த மரவேலைகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. 1999 இல் மெக்சிக்கோவில் ஐகோமொஸ் என்னும் சர்வதேச மரபுரிமை அமைப்பு வரலாற்று மரக் கட்டடங்களுக்கான கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. 2017 இல் புதுடில்லியில் அவை திருத்தப்பட்டன. இயன்றளவு குறைவாகக் கைவைப்பது, செய்ததைத் திருப்பி எடுக்கக் கூடியதாகச் செய்வது, மாற்றும் துண்டு அதே இன மரமாக இருப்பது, எது புதியது என்று கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரிவது என்பன அதில் உள்ளவை. ஊர் பாஸ் எங்கள் மூடியில் செய்ததும் ஏறக்குறைய இதுதான், அவர் அந்தக் கோட்பாடுகளைக் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும்.

நமது நாட்டில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் ஒரு திகதியை எல்லையாக வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. அதற்கு முந்தியவை தொல்பொருட்கள். அது கண்டி ஒப்பந்தத்தின் திகதி. அந்த ஒப்பந்தம் நடந்த மகுல் மடுவவும், தலதா மாளிகைக்குப் பக்கத்தில், செதுக்கிய மரத்தூண்கள் மீது நிற்கும் மண்டபம்தான். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலோ பழைய வளவிலோ அத்திகதிக்கு முந்தியது என்று சந்தேகிக்கும் கதவோ தூணோ வெடித்திருந்தால், பென்சில் கோடு கூடப் போட வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, மழை படாமல் பார்த்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். புட்டி டின்னோடு யாராவது வருவதற்கு முன்னர் அறிவியுங்கள்.